வாரமா, தலைப்பா, கோப்பு வகையா: எல்எம்எஸ்ஸில் பாடங்களை எப்படி அடுக்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது செமஸ்டரின் நடுவில் இருக்கிறீர்கள். கல்லூரியில் ஒரு தாளுக்கான பாடங்களை முழுவதும் எல்எம்எஸ்ஸில், அதாவது பாடங்களை இணையத்தில் வைத்து நடத்தும் மென்பொருளில், ஏற்றிவிட்டீர்கள். நோட்ஸ் ஒரு ஃபோல்டரில், வீடியோக்கள் இன்னொன்றில், அசைன்மென்ட் எல்லாம் வேறொன்றில். எதுவும் விடுபடவில்லை. ஆனாலும் "அந்த நோட்ஸ் எங்கே இருக்கு", "இந்த வாரம் என்ன செய்யணும்" என்ற கேள்விகள் நிற்கவில்லை. வாரவாரியாக மாற்றுவதா, தலைப்புவாரியாக மாற்றுவதா, இல்லை இப்படியே விட்டுவிட்டு மாணவர்களுக்குத் தேடக் கற்றுக்கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாணவர்கள் உங்களிடம் கேட்பவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். "எங்கே இருக்கிறது" என்பது தேடல். "அடுத்து என்ன செய்ய வேண்டும்" என்பது வழி. பெரும்பாலான ஆசிரியர்கள் முதல் கேள்விக்குப் பதிலாகத்தான் பக்கத்தை அடுக்குகிறார்கள். மாணவருக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவதற்கான பதில். அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் முதல் கேள்வி பாதிக்கு மேல் தானாகவே நின்றுவிடும்.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அதோடு, சக ஆசிரியர்கள் தங்கள் பாடப் பக்கங்களை அமைக்க உதவும் வேலையையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எல்எம்எஸ்களில் நான் அதிகம் பழகியது மூடுல். அதற்கடுத்து கேன்வாஸும் கூகுள் கிளாஸ்ரூமும். சிறு பிள்ளைகளுக்கான பக்கங்களில் எனக்கு அனுபவம் குறைவு. ஆகவே கீழே சொல்வது கல்லூரி மாணவர்களுக்கும் வேலையில் இருந்துகொண்டே படிக்கும் பெரியவர்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு வகைப்படி அடுக்குவதை விட்டுவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வீடியோ ஃபோல்டரில் இருக்கும் நான்காவது வீடியோ, நோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஆறாவது பிடிஎஃப், அசைன்மென்ட் ஃபோல்டரில் இருக்கும் இரண்டாவது கோப்பு, இந்த மூன்றும் ஒரே பாடத்தைச் சேர்ந்தவை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தலைக்குள் இருக்கும் அந்த இணைப்பு பக்கத்தில் எங்கும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு முறையும் அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பாடத்தைப் புரிந்துகொள்ளச் செலவாக வேண்டிய கவனம் இதில் செலவாகிறது. மருந்துக்கடைக்காரர் மாத்திரையைத் தனியாகவும் சிரப்பைத் தனியாகவும் அடுக்கி வைக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோகும் நோயாளிக்குத் தேவை, காலையில் எது, இரவில் எது என்பதுதான்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய வினாத்தாள்கள், சூத்திரத் தாள், கலைச்சொல் பட்டியல், மென்பொருள் நிறுவும் குறிப்பு போன்றவற்றை மாணவர் எந்த வாரத்திலும் வந்து எடுப்பார். இவற்றுக்கு மட்டும் "எப்போதும் தேவைப்படுபவை" என்று கடைசியில் ஒரு பகுதி வைத்துவிடுங்கள். அங்கே வகைப்படி அடுக்குவதுதான் சரி.

சரி, வாரமா தலைப்பா? இதில் உறுதியான ஒற்றைப் பதில் இல்லை, என் தேர்வைச் சொல்கிறேன். மூடுலில் இரண்டு வடிவமும் உண்டு. வார வடிவம், பாடம் தொடங்கும் தேதியிலிருந்து எண்ணித் தானாகவே ஒவ்வொரு பகுதிக்கும் தேதி போட்டுக்கொள்ளும். நடப்பு வாரத்தைத் தனியாகக் காட்டும். தலைப்பு வடிவத்தில் பெயரை நீங்கள்தான் வைக்க வேண்டும், தேதி இருக்காது. முதலாண்டு மாணவர்கள், கண்டிப்பான கால அட்டவணை, வாரம் ஒரு ஒப்படைப்பு என்றால் வார வடிவம் நன்றாக வேலை செய்யும். ஆனால் செமஸ்டர் முடியும் நேரத்தில், புள்ளியியல் தேர்வுக்குப் படிக்க வரும் மாணவர் "ஒட்டுறவு எந்த வாரத்தில் நடத்தினார்கள்" என்று யோசித்துக்கொண்டு நிற்பார். அதனால் நான் இரண்டையும் சேர்ப்பேன். தலைப்புவாரியாக அலகுகளைப் பிரித்து, அலகின் பெயரிலேயே வாரத்தையும் எழுதிவிடுவேன்: "அலகு 3: ஒட்டுறவு (வாரம் 5, 6)". படிக்கும் காலத்தில் வாரம் உதவும், திரும்பிப் பார்க்கும் காலத்தில் தலைப்பு உதவும். அடுத்த ஆண்டு ஒரு வாரம் விடுமுறையால் தள்ளிப்போனாலும் மாற்ற வேண்டியது தலைப்பில் உள்ள எண் மட்டுமே. அவரவர் வேகத்தில் படிக்கும் பாடம் என்றால் வாரமே வேண்டாம். அங்கே அது வீண் குற்றவுணர்வைத்தான் தரும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அலகுகளை எப்படிப் பிரிக்கிறோம் என்பதைவிட, ஓர் அலகின் உள்ளே என்ன வரிசையில் வைக்கிறோம் என்பதுதான் மாணவரின் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறது. இங்கே கடைசியிலிருந்து தொடங்குங்கள். அந்த அலகின் முடிவில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும்? புள்ளியியலில் ஒட்டுறவு, அதாவது இரண்டு மாறிகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்ற அலகையே எடுத்துக்கொள்வோம். கொடுத்த தரவுக்குச் சிதறல் வரைபடம் வரைய வேண்டும், அந்த அளவைச் சொல்லும் எண்ணான ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட வேண்டும், இரண்டு மாறிகள் சேர்ந்து மாறுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஏன் சொல்ல முடியாது என்பதைத் தன் சொற்களில் எழுத வேண்டும். இதுதான் அசைன்மென்ட் என்று முடிவு செய்துவிட்டால், உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் எடுத்து "இது அந்த மூன்றில் எதற்கு உதவுகிறது" என்று கேட்கலாம். உதவுவது வரிசையில் சேரும். நல்ல கட்டுரைதான், ஆனால் இந்த மூன்றுக்கும் தொடர்பில்லை என்றால் "விருப்பமிருந்தால்" என்ற குறிப்போடு அலகின் அடியில் போகும். அங்கும் சேராதது உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். பக்கத்தில் கிடப்பதையெல்லாம் மாணவர் "இதுவும் தேர்வுக்கு வருமோ" என்ற கண்ணோடுதான் பார்ப்பார். அந்தக் கவலையை நீக்குவதும் நம் பொறுப்புதான்.

வரிசை என்று பார்த்தால், அலகின் தலையில் நான்கைந்து வரிகளில் ஒரு முன்னுரை போதும்: இதன் முடிவில் உங்களால் என்ன செய்ய முடியும், தோராயமாக எவ்வளவு நேரம் பிடிக்கும், எதை ஒப்படைக்க வேண்டும். அப்புறம் படிக்க வேண்டியது, பார்க்க வேண்டியது, செய்து பார்க்க வேண்டியது, தன்னைச் சோதித்துக்கொள்ளும் சிறு குவிஸ், கடைசியாக ஒப்படைப்பு. வீடியோ முன்னால் வருவதா நோட்ஸ் முன்னால் வருவதா என்பது பாடத்தைப் பொறுத்தது. எல்லா அலகுகளிலும் ஒரே வரிசையைப் பின்பற்றுவதுதான் முக்கியம். இரண்டாவது அலகு முடிவதற்குள் மாணவரின் கை பழகிவிடும், மூன்றாவது அலகிலிருந்து அவர் பக்கத்தின் அமைப்பைப் பற்றியே யோசிக்க மாட்டார். புதுமைக்காக ஒவ்வொரு அலகையும் வெவ்வேறு விதமாக அமைத்த பக்கங்களையும் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கும், மாணவர்கள் தவித்துப்போவார்கள்.

ஒரு நாற்பது பக்க அத்தியாயத்தை ஏற்றி "அத்தியாயம் 5" என்று பெயர் வைப்பது வழி காட்டுவது ஆகாது. "அத்தியாயம் 5, பக்கம் 12 முதல் 19 வரை படியுங்கள், முதல் வாசிப்பில் சூத்திரத்தின் நிரூபணத்தைத் தாண்டிவிடலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் அதே கோப்பு வேறொன்றாகிவிடுகிறது. வகுப்பறையில் வாயால் சொல்லும் இந்த மாதிரி வரிகள்தான் ஆன்லைனுக்குப் போகும்போது முதலில் காணாமல் போகின்றன. மறக்காமல் எழுதி வையுங்கள்.

பெயர்களைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. பாடத்திட்டத்தில் "ஒப்படைப்பு 2", மதிப்பெண் பட்டியலில் "யூனிட் 3 அசைன்மென்ட்", அறிவிப்பில் "போன வாரம் கொடுத்த ஹோம்வொர்க்" என்று எழுதினால், உங்களுக்கு அது ஒன்றே. மாணவருக்கு அது மூன்று வேலைகள். ஒரு வேலைக்கு ஒரே பெயர், எல்லா இடத்திலும். மூடுலில் நீங்கள் செயல்பாட்டுக்கு வைக்கும் பெயர்தான் மதிப்பெண் பட்டியலிலும் போய் உட்காரும், ஆகவே அங்கே வைக்கும்போதே யோசித்து வைப்பது நல்லது. பெயரின் தொடக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: "படிக்க: சிதறல் வரைபடம்", "பார்க்க: கெழுவைக் கணக்கிடுதல், 8 நிமிடம்", "ஒப்படைக்க: ஒட்டுறவு அறிக்கை". "லெக்சர்3_ஃபைனல்_நியூ" என்ற கோப்புப் பெயர் நம் கணினிக்குள் இருக்கலாம், மாணவர் கண்ணில் படக் கூடாது. கோப்புகளுக்கு எண் போடுவதாக இருந்தால் 01, 02 என்று போடுங்கள். 1, 2 என்று போட்டால் பெயர்வரிசையில் அடுக்கும்போது பல இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

தேதிகளுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். கடைசித் தேதியை அசைன்மென்ட்டின் அமைப்புகளில் உள்ள தேதிப் பெட்டியில் மட்டும் போடுங்கள். அது அங்கிருந்து மாணவரின் நாட்காட்டிக்கும் நினைவூட்டலுக்கும் தானே போகும். முன்னுரையிலும், பிடிஎஃப்பிலும், அறிவிப்பிலும் தட்டச்சு செய்து வைத்தால், தேதி தள்ளிப்போகும் நாளில் ஏதாவது ஒரு இடத்தில் பழைய தேதி தங்கிவிடும். அந்தப் பழைய தேதியை நம்பி யாராவது ஒரு மாணவர் மதிப்பெண் இழப்பார்.

எத்தனை உருப்படிகள் வைக்கலாம், எத்தனை கிளிக் ஆழம் போகலாம் என்பதற்கு இணையத்தில் பல விதிகள் சுற்றுகின்றன. "ஒரு பகுதியில் ஏழுக்கு மேல் வைக்காதே" என்பது அதில் ஒன்று. 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. மில்லர் பேசியது மனதில் ஒரே நேரத்தில் எவ்வளவு பிடித்து வைக்க முடியும் என்பதைப் பற்றி. 2001-இல் நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் அந்த எண்ணை நான்கு அளவுக்குக் குறைத்தார். இரண்டுமே திரையில் கண்ணெதிரே இருக்கும் பட்டியலுக்குச் சொன்னவை அல்ல. பட்டியலை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆகவே எட்டாவது உருப்படி வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். "மூன்று கிளிக்குக்குள் எல்லாம் கிடைக்க வேண்டும்" என்பதையும் நான் சட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு கிளிக்கிலும் அடுத்து என்ன வரும் என்று பெயரைப் பார்த்தே தெரிந்தால் நான்காவது கிளிக்கும் சுமையாக இருக்காது. தெரியாவிட்டால் முதல் கிளிக்கே சுமைதான்.

ஆனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைப்பதில் மட்டும் கவனமாக இருங்கள். மூடிய ஃபோல்டருக்குள் இருப்பது, இல்லாததைப் போலத்தான். மூடுல் 2024-இல் வந்த 4.5 பதிப்பில் ஒரு பகுதிக்குள் உட்பகுதி வைக்கும் வசதியைத் தந்தது. உண்மையிலேயே பெரிய அலகுகளுக்கு அது உதவும், கிடைக்கிறதே என்பதற்காக எல்லாவற்றிலும் போட வேண்டாம். கூகுள் கிளாஸ்ரூமில் தலைப்பு என்ற ஒரே அடுக்குதான் உண்டு. பலர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு நல்ல கட்டுப்பாடு என்பது என் எண்ணம்.

வீடியோ நீளம் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. பிலிப் குவோவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2014-இல் வெளியிட்டது. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் வீடியோ அமர்வுகளைப் பார்த்து, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அதிகபட்சம் ஆறு நிமிடம்தான் என்று சொன்னார்கள். இதைப் பிடித்துக்கொண்டு "ஆறு நிமிடத்துக்கு மேல் வீடியோ போடவே கூடாது" என்று பயிற்சிகளில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆய்வு அளந்தது பார்க்கும் நேரத்தை. எவ்வளவு கற்றார்கள் என்பதை அது அளக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் திறந்த இணையப் பாடங்களில் சேர்ந்தவர்கள், தாளில் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டிய உங்கள் மாணவர்கள் இல்லை. ஆகவே ஆறு என்ற எண்ணைவிட, "ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாடத்தைச் சிறு துண்டுகளாக, மாணவரே நிறுத்தி நகர்த்தும்படி தருவது புரிதலுக்கு உதவும் என்பதற்கு கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் மற்றவர்களும் செய்த ஆய்வுகள் நல்ல ஆதாரம் தருகின்றன. ஐம்பது நிமிட வகுப்புப் பதிவு ஒன்றை வெட்டி ஒட்ட நேரமில்லையா? அதன் கீழே "04:10 சிதறல் வரைபடம், 17:30 கெழுவின் சூத்திரம், 38:00 காரணமும் ஒட்டுறவும்" என்று நேரக் குறிப்பு எழுதுங்கள். கால் மணி நேர வேலைதான். மறுவாசிப்புக்கு வரும் மாணவர் அதை நன்றியோடு பயன்படுத்துவார்.

முந்தைய அலகை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்று பூட்டு போடலாமா என்பதில் ஆசிரியர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். மூடுலிலும் கேன்வாஸிலும் இந்த வசதி இருக்கிறது. படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது, மறுபடி வாசிப்பதைவிட நெடுநாள் நினைவுக்கு நல்லது என்பது உறுதியான விஷயம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் காட்டியது, பிறகு பலராலும் மீண்டும் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. ஆகவே அலகுக்கு ஒரு சிறு குவிஸ், அதில் முந்தைய அலகிலிருந்தும் ஓரிரு கேள்விகள், இது கட்டாயம் வேண்டும். ஆனால் குவிஸ் நல்லது என்பதாலேயே பூட்டும் நல்லது என்றாகிவிடாது. ஏற்கெனவே தெரிந்த மாணவருக்குப் பூட்டு ஒரு தடை. ஒரு வாரம் உடல்நலமில்லாமல் விடுபட்ட மாணவர், வகுப்பு இப்போது நடத்தும் அலகைக்கூடத் திறக்க முடியாமல் நிற்பார். விடைக்குறிப்புக்கும், ஆய்வகப் பாதுகாப்பு விதிகளுக்கும் மட்டும் பூட்டு போடுவேன். மற்ற இடங்களில், முடித்ததற்கு அடையாளக் குறி விழும் வசதியை மட்டும் இயக்கி வைத்தால் போதும். எது முடிந்தது, எது மிச்சம் என்று மாணவருக்கே தெரியும். எல்லா அலகுகளின் பெயரும் முதல் நாளிலேயே தெரிய வேண்டும், உள்ளடக்கம் ஓரிரு அலகு முன்னதாகத் திறந்திருந்தால் போதும் என்பது என் பழக்கம்.

மொபைலை மறந்துவிடாதீர்கள். கணினியில் ஒரே திரையில் தெரியும் பகுதி, கைப்பேசியில் முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் காட்டும் அமைப்பு மூடுலில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு பக்கக் குறிப்பை பிடிஎஃப்பாக ஏற்றுவதற்குப் பதில் எல்எம்எஸ்ஸின் பக்கமாகவே எழுதினால் எழுத்து திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். அதில் தேடவும் முடியாது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்கவும் முடியாது. படங்களுக்கு மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி) எழுதுவது, தலைப்புகளுக்குத் தடித்த எழுத்தைப் போடாமல் தலைப்பு பாணியைப் பயன்படுத்துவது, மங்கிய சாம்பல் எழுத்தைத் தவிர்ப்பது, இவையெல்லாம் சிறு வேலைகள்தாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டிகளில் உள்ள அளவு.

அறிவிப்புகளைப் பற்றி ஒரே ஒரு சொல்: அறிவிப்பில் மட்டுமே இருக்கும் தகவல் என்று எதுவும் இருக்கக் கூடாது. அது இரண்டு நாளில் புதைந்துவிடும். தகவலை அலகில் எழுதுங்கள், அறிவிப்பில் அதற்கு லிங்க் கொடுங்கள்.

நீங்கள் இப்போது செமஸ்டரின் நடுவில் இருப்பதாகச் சொன்னதால், எல்லாவற்றையும் ஒரே இரவில் கலைத்துப் போட வேண்டாம். முடிந்த அலகுகளை அப்படியே விட்டுவிட்டு, அடுத்து வரும் அலகிலிருந்து புதிய வரிசையைத் தொடங்குங்கள். முதலில் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். மூடுலில் ஒரு செயல்பாட்டை ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் அதன் லிங்க்கும் மாணவர்கள் ஒப்படைத்தவையும் அப்படியே இருக்கும். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் ஒப்படைத்தவையும் மதிப்பெண்ணும் அதோடு போய்விடும். ஆகவே நகர்த்துங்கள், வேண்டாததை மறைத்து வையுங்கள், அழிக்காதீர்கள். மாற்றிய பிறகு மாணவர் பார்வையில் ஒருமுறை திறந்து பாருங்கள். கேன்வாஸில் அதற்கென்று ஸ்டூடன்ட் வியூ இருக்கிறது. மூடுலில் ரோலை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் குழுக் கட்டுப்பாடுகளும் நிபந்தனைகளும் சரியாக இயங்குகின்றனவா என்று அறிய, சோதனைக்கென்று தனி மாணவர் கணக்கு ஒன்று இருப்பதுதான் நம்பகமானது.

அதற்கப்புறம் விருப்பமுள்ள ஒரு மாணவரை அருகில் உட்காரவைத்து, அவருடைய கைப்பேசியிலேயே மூன்று வேலைகள் கொடுங்கள்: இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள், அடுத்த ஒப்படைப்பின் கடைசித் தேதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், போன அலகில் ஒரு குறிப்பிட்ட சூத்திரம் விளக்கப்பட்ட இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவில் உதவாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். அவருடைய விரல் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைத்த இடத்துக்குப் போகாமல் வேறு இடத்துக்குப் போனால், அந்த இடத்தில் சரியான பக்கத்துக்கு ஒரு லிங்க் வையுங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள். பிறகு இன்னொரு மாணவரிடம் அதே மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.